ஆற்றங்கரை ஏற்றமும் டிரெய்லரும்: கியர் பெட்டி, பின் ஆக்ஸில் பற்றி என் அனுபவம்

டிரெய்லர் இழுக்க வண்டி பார்க்கிறேன், எந்த கியர் பெட்டி, எந்த ஆக்ஸில் என்று இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. டெல்டாதானே, தட்டைப் பூமி, எந்த வண்டியும் இழுத்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். மலை இல்லை, சரி. ஆனால் ஆறோ வாய்க்காலோ குறுக்கிடாமல் நம் பக்கம் எத்தனை கிலோமீட்டர் போய்விட முடியும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை, கரை மேல் ரோடு, வயலிலிருந்து கரைக்கு ஏற ஒரு குத்தலான தடம். நாற்பது அடிதான் இருக்கும். அந்த நாற்பது அடியில்தான் வண்டியின் வலு தெரியும். அதிலும் பாதி ஏற்றத்தில் எதிரே மாட்டு மந்தை வந்து, நிறுத்தி மறுபடி எடுக்க நேர்ந்தால் அப்போது தெரியும்.

2017இல் ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, நான்கு கியர். விற்றவர் ஆக்ஸில் ஒரிஜினல் என்று அடித்துச் சொன்னார். ரோட்டில் சத்தமில்லாமல் ஓடியது, மைலேஜும் நன்றாக வந்தது, நான் வேறெதையும் பார்க்கவில்லை.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தது. அதற்குப் பிறகு நம் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர்தான் வழி. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். டிரெய்லரோடு சேர்த்து ஒன்றரை டன் இருக்கும். முதல் இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் பாமணியாற்றுக் கரைத் தடத்தில் ஏறும்போது, சாய்ந்து கிடந்த தென்னையை அறுத்துக்கொண்டிருந்தவர்களுக்காகப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்ப எடுத்தால் எடுக்கவில்லை. முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கிளட்சைப் பாதி விட்டுப் பிடித்தேன், ஒரு அடி நகர்ந்து நின்றுவிட்டது. மறுபடி, மறுபடி. ஐந்தாவது தடவை அந்தத் தீய்ந்த நாற்றம் வந்தது, அப்புறம் இன்ஜின் உறுமுகிறது, வண்டி அசையவே இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். டிராக்டர் கிடைத்து ஜெனரேட்டர் போய்ச் சேர மணி நாலு ஆகிவிட்டது. அந்தக் குடங்களின் வரிசையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கிளட்ச் பிளேட் மாற்றப் போன இடத்தில், எங்கள் சித்தப்பா ஒரு வேலை செய்தார். வண்டியை நியூட்ரலில் விட்டு, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை நான் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்ற, அவர் கீழே படுத்துக்கொண்டு ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினார். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் மற்றதன் இரண்டு சுற்றுக்கு ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல் சக்கரமான கிரவுன் ஒரு சுற்றுதான் வரும், ஆகவே ஷாஃப்டின் சுற்று எண்ணிக்கைதான் ஆக்ஸில் விகிதம், அதாவது கிரவுன் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. நாலு சுற்று முடிந்து கோடு ஒரு விரல் அகலம் தாண்டி நின்றது. "இது நாலே சொச்சம்டா, உன் வண்டிக்குக் கிட்டத்தட்ட அஞ்சு வரணும்" என்றார். கழற்றிப் பல் எண்ணினோம், கிரவுனில் 37, அதைச் சுற்றிவிடும் சின்னப் பல் சக்கரமான பினியனில் 9. அதாவது 4.11. இந்த வண்டிக்கு உரியது 39க்கு 8, அதாவது 4.88. யாரோ மைலேஜுக்காக மாற்றி வைத்துவிட்டு, அதைச் சொல்லாமலே விற்றிருக்கிறார்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள், புரியும். என் இன்ஜின் அதிகபட்சம் தரும் முறுக்கு விசை 120 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ 4. டயரின் ஆரம் 36 சென்டிமீட்டர். இன்ஜின் விசையை முதல் கியராலும் ஆக்ஸில் விகிதத்தாலும் பெருக்கி, டயர் ஆரத்தால் வகுத்து, பல் சக்கரங்களில் வீணாகும் 15 சதவீதத்தைக் கழித்து, நியூட்டனைக் கிலோவாக்க 9.8ஆல் வகுத்தால், 4.11இல் சக்கரம் தரையைத் தள்ளும் பலம் சுமார் 475 கிலோ. 4.88இல் 565. 5.38 ஆக்ஸில் போட்டால் 620. இப்போது தடத்தைப் பாருங்கள். வண்டி, ஆள், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 3 டன், எட்டடிக்கு ஓரடி ஏற்றம் என்றால் ஏற மட்டும் 375 கிலோ, சரளை மண்ணில் உருள இன்னொரு 100. மொத்தம் 475! என்னிடம் இருந்ததும் அதேதான், மிச்சம் ஒன்றும் இல்லை. ஓடி வந்த வேகத்தில் ஏறிவிடும், நின்று எடுக்க முடியாது. முதல் இரண்டு நாள் தப்பித்ததற்கும் மூன்றாம் நாள் மாட்டியதற்கும் காரணம் இதுதான்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். கியர் பெட்டியைத் தனியாகப் பார்க்காதீர்கள், ஆக்ஸிலையும் தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டையும் பெருக்கி வரும் எண்ணை வைத்துக்கொண்டு, நீங்கள் ஏற வேண்டிய கரைக்கு அது போதுமா என்று பாருங்கள். விற்பவர் சொல்லை நம்பாமல் சாக்பீஸ் கோடு போட்டு நீங்களே எண்ணுங்கள்.

பாபநாசத்திலிருந்து, லாரிப் பட்டறை வேலையில் இருப்பவர்:

அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். நான் தினமும் பார்க்கிறவன் என்பதால் சிலது சேர்க்கிறேன். கிரவுனும் பினியனும் ஒன்றாகத் தேய்த்துப் பழக்கிய ஜோடி. பழைய இரும்புக் கடையில் ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வாங்கிச் சேர்த்தால் மாட்டும், ஆனால் ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பிக்கும். பொருத்தும்போது பல்லில் கலர் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்க்காத மிஸ்திரியிடம் வண்டியை விடாதீர்கள், பேஸ்ட் பல்லின் நடுவில் அழிந்திருக்க வேண்டும், ஓரத்தில் அழிந்தால் ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் டிரெய்லர் மாட்டவே கூடாது. அதன் பிறகு ஆக்ஸில் ஆயிலை இறக்கிப் பாருங்கள், வெள்ளித் தூள் போல மின்னும், அதை அப்படியே விட்டால் பேரிங் போய்விடும்.

நாலு சக்கர டிரைவ் வைத்திருப்பவர்கள் பின் ஆக்ஸிலை மட்டும் மாற்றிவிட்டு முன்னால் பழைய விகிதத்தை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கெட்டி ரோட்டில் நாலு சக்கரமும் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். பழைய வில்லிஸ் ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் போட்டால் இழுக்கும் பலம், மாடலைப் பொறுத்து, ஏறத்தாழ இரண்டிலிருந்து இரண்டரை மடங்காகும், அது இருக்கிறவருக்கு ஆக்ஸில் மாற்றும் செலவே தேவைப்படாது.

பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்:

நான் செய்த தப்பு வேறு. என்னுடையது 4.88தான், இழுத்துக்கொண்டுதான் இருந்தது. சேற்றில் வயிறு தட்டுகிறதே என்று 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு 7.50-16 போட்டேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வாய்க்கால் மதகு ஏறினால் இரண்டாம் கியர் இழுக்கவில்லை. டயரின் ஆரம் 36லிருந்து 40 சென்டிமீட்டர் ஆகிவிட்டது, அதாவது 4.88 ஆக்ஸில் கிட்டத்தட்ட 4.4 மாதிரி வேலை செய்கிறது. காசு கொடுத்துப் பலத்தைக் குறைத்துக்கொண்டேன் என்று பிறகுதான் புரிந்தது. ஒரு வருடம் கழித்துப் பழைய அளவுக்கே வந்துவிட்டேன்.

இன்னொன்று, தேங்காயை டிரெய்லரின் பின்பக்கம் குவித்தால் கொக்கி மேலே தூக்கும், ஜீப்பின் பின் சக்கரம் பிடிப்பை இழக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கி மேல் உட்கார வேண்டும், அதற்கு ஏற்ப முன்பக்கம் கூட்டி ஏற்றுங்கள்.

மறுபடி நான்:

இருவருக்கும் நன்றி. தென்னந்தோப்புக்காரர் சொன்ன பிடிப்பு முக்கியமான விஷயம். மழைக்குப் பிறகு நம் களிமண்ணில் சக்கரம் வழுக்கினால் எந்த ஆக்ஸிலும் உதவாது, அப்போது தடம் காயும்வரை காத்திருப்பதோ டிராக்டரைக் கூப்பிடுவதோதான் சரி. நான் மேலே போட்ட கணக்கு காய்ந்த தடத்துக்கு.

4.88 மாற்றிய பின் என்ன ஆனது என்று ஒருவர் தனியாகக் கேட்டார். டாப் கியரில் 60இல் போகும்போது முன்பு இன்ஜின் 1,800 சுற்று, இப்போது 2,150. சத்தம் கூடியது உண்மை, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போலக் குறைந்ததும் உண்மை. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடக் காட்டியது, அதன் சின்னப் பல் சக்கரத்தை மாற்றிய பிறகு சரியானது. அதே பாமணியாற்றுத் தடத்தில் அதே எடையோடு நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி எடுத்துப் பார்த்தேன், கிளட்சை முழுக்க விட்டதும் உறுமாமல் ஏறியது. இறங்கும்போதும் வித்தியாசம் தெரிகிறது. என் டிரெய்லருக்கு பிரேக் இல்லை, முன்பெல்லாம் பின்னாலிருந்து தள்ளும், இப்போது முதல் கியரில் விட்டால் இன்ஜினே பிடித்து நிறுத்துகிறது.

ஐந்து கியர் பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் 5.38 போடுங்கள். ஐந்தாம் கியர் 0.8 என்றால் ரோட்டில் 4.3 ஆக்ஸில் மாதிரி அமைதியாக ஓடும், கரையில் முழுப் பலமும் கையில் இருக்கும். டிரெய்லர் மாட்டியிருக்கும்போது மட்டும் ஐந்தாவதைத் தொடாமல் நாலாவதிலேயே ஓட்டுங்கள். நான்கு கியர் பெட்டிதான், அடிக்கடி தஞ்சாவூர் வரை வெறும் வண்டியாக ஓட வேண்டும் என்றால் 4.88 போதும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் யாராவது பழைய வண்டி பார்க்க வந்தால் இங்கே எழுதுங்கள், ஜாக்கியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வருகிறேன், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எண்ணிவிடலாம்.