காசு குறைவாக ஸ்கூபா எடைகள்: சொந்தமாகச் செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

நாங்கள் நான்கு நண்பர்கள். நால்வரும் சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபாவில் முறையாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள். ஆண்டுக்கு ஒரு பொருளாகச் சேர்த்துச் சிலிண்டர், அதன் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி என்ற மேலங்கி, உடம்பை ஒட்டிய வெட்சூட் உடை எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கிவிட்டோம். தெரிந்த மீனவ அண்ணன் ஒருவரின் ஃபைபர் படகில் ஏறிப் புதுச்சேரிக் கடலில் இறங்குவது எங்கள் வழக்கம். இடுப்பில் கட்டும் எடை ஒன்றுதான் எங்களிடம் இல்லாமல் இருந்தது. வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுக் குமிழ்கள் ஆளை மேலே தூக்கிக்கொண்டே இருப்பதால், எடை இல்லாமல் கடலுக்குள் இறங்கவே முடியாது. என் உடம்புக்கும் என் வெட்சூட்டுக்கும் 6 கிலோ ஈயம் வேண்டும் என்பது பயிற்சிக் காலத்திலேயே கணக்குப் பார்த்து முடிவானது. நால்வருக்கும் சேர்த்து 25 கிலோ ஆகும் என்றபோது, கடையில் விற்கும் வார்ப்பு ஈயக் கட்டிகளின் விலை எங்களை மலைக்க வைத்தது. ஆகவே நாங்களே செய்துகொள்வது என்று தீர்மானித்தோம்.

முதலில் செய்தது சிமெண்ட் கட்டி. அரை லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்களில் சிமெண்டும் மணலும் கலந்து ஊற்றி, நடுவில் எண்ணெய் தடவிய மரச் சட்டத்தைச் செருகி வைத்து, இறுகியதும் சட்டத்தை உருவிவிட்டால் பட்டை நுழையும் துளை கிடைத்துவிடும். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து இறுக வைத்து, தராசில் நிறுத்து, ஒவ்வொன்றும் ஒரு கிலோ வரும்படி தேய்த்து எடுத்தேன். இரவல் வாங்கிய 2 கிலோ ஈயத்துடன் இந்த நான்கு கட்டிகளையும் பட்டையில் கோத்தபோது, 6 கிலோ சரியாக வந்துவிட்டது என்று முழுமனதாக நம்பினேன்.

இறங்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. 18 மீட்டர் ஆழத்திலும் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. நாற்பது நிமிடங்கள் கழித்து, சிலிண்டரில் 60 பார் (பார் என்பது அழுத்த அளவு) காற்று மீதமிருக்கையில், மேலேறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. பிசிடியில் இருந்த காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகும் என் உடம்பு மேலே போகத் துடித்தது. நங்கூரக் கயிற்றை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்; கால்கள் மேலேறி, தலைகீழாகத் தொங்கும் நிலைக்கு வந்துவிட்டேன். கயிறு மட்டும் அருகில் இல்லாதிருந்தால் கட்டுப்பாடே இல்லாமல் மேலே போயிருப்பேன். அப்படிப் போகும்போது மூச்சை அடக்கிவிட்டால் நுரையீரல் கிழியும் என்பதை இறங்கும் எவரும் அறிவர். உடன் வந்த நண்பர் என் பிசிடியின் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து வைத்திருக்க, மூன்று நிமிடத்தை ஒருவாறு கழித்து மேலே வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டிகளில் இரண்டைச் சேர்த்துக் கட்டி, பெட்டிகளை நிறுக்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். 2 கிலோ காட்டியது. அப்படியே வாளித் தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்த்தினேன். முள் 1 கிலோ 90 கிராமில் போய் நின்றது. அமிழ்ந்த பொருள் தான் ஒதுக்கும் நீரின் எடையை இழக்கும் என்று பள்ளியில் படித்த பாடம்தான். ஆனால் இடுப்பில் கட்டும்போது அது என் நினைவுக்கு வரவேயில்லை. ஈயம் தண்ணீரைப் போல ஏறத்தாழ 11.3 மடங்கு அடர்த்தி கொண்டது. ஆகவே 1 கிலோ ஈயம் கடல்நீரில் 90 கிராமை மட்டுமே இழந்து 910 கிராமாக நிற்கும். சிமெண்ட் மணல் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 2.2 மட்டுமே என்பதால், அதன் 1 கிலோ கடலில் 530 கிராம் அளவுக்குத்தான் இழுக்கும். என் 4 கிலோ சிமெண்ட் உண்மையில் 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே வேலை செய்தது. எனக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. காற்று நிறைந்த சிலிண்டரின் பாரம் இறங்கும்போது அந்தக் குறையை மறைத்துவிட்டது. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அதை மூச்சாக இழுத்துச் செலவழித்த பிறகுதான், அதுவும் மிக ஆபத்தான இடத்தில், உண்மை வெளிப்பட்டது.

இதன் பிறகு எந்தப் பொருளானாலும் வாளிக்குள் நிறுக்காமல் நான் நம்புவதில்லை. மணல் மூட்டையையும் இப்படியே சோதித்தேன். சிமெண்டைவிடச் சற்று மேல் என்றாலும், துணியைத் தாண்டிக் கசிந்துகொண்டே இருந்ததால் கைவிட்டேன்.

இரும்பு நல்ல மாற்று. மளிகைக் கடைகளில் மின்னணுத் தராசு வந்த பிறகு, அறுகோண வடிவிலான பழைய எடைக்கற்கள் பழைய இரும்புக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. அவற்றின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை அடைத்து, எடை சரி பார்த்து முத்திரை குத்தியிருப்பார்கள். 2 கிலோ எடைக்கல் வாளிக்குள் 1 கிலோ 720 கிராம் காட்டியது. குறைகளும் உண்டு. துருப்பிடிப்பதால் இரண்டு பூச்சு எபாக்சி பெயிண்ட் அடிக்க வேண்டும். அறுகோண முனைகள் இடுப்பெலும்பில் குத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் உள்ள திசைகாட்டியை இடுப்புக்கு அருகில் கொண்டுவந்தால் முள் விலகிவிடும். கலங்கிய நீரில் திசைகாட்டியை நம்பி நீந்துபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இறுதியில் படகு அண்ணன்தான் வழி காட்டினார். "வலைக்கடையில ஈயமா குமிஞ்சி கெடக்கு, நீங்க ஏன் தம்பி சிமெண்டக் கட்டிக்கிட்டு அலையிறீங்க?" என்று கேட்டார். வலையின் அடிக்கயிற்றில் கோப்பதற்காகத் துளையுடன் வார்த்த ஈயக் குண்டுகள் வலைக்கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. கடைக் கட்டியின் விலையில் பாதிக்கும் குறைவாகவே எனக்கு ஆனது. கார் சீட் தைக்கும் கடையில் கனத்த நைலான் துணி கொடுத்து, ஒவ்வொன்றிலும் 1 கிலோ குண்டு கொள்ளும்படி ஆறு பைகள் தைத்துக்கொண்டேன். தண்ணீர் உடனே புகுந்து காற்று வெளியேறுவதற்காக அடியில் வலைத்துணி வைத்து, வாயை இரண்டு வரிசையாகத் தைத்து மூடி, பின்புறம் பட்டை நுழைய இறுக்கமான கண்ணி வைக்கச் சொன்னேன். கண்ணி தளர்வாக இருந்தால் எடை முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து ஆளைப் புரட்டிவிடும்.

கொக்கியில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. பழைய பள்ளிப்பை கொக்கியோ சரக்குக் கட்டும் பட்டையோ உதவாது; ஒரே கையால் ஒரே இழுப்பில் திறக்கும் வெயிட் பெல்ட் கொக்கியைக் காசு கொடுத்தே வாங்கினேன். ஆபத்து வந்தால் கழற்றி எறிய முடியாத எடை நம்மை மேலே வர விடாது.

* * *

சிமெண்ட் கட்டியைப் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்தேன். நான் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி இறங்கும் ஃப்ரீடைவிங் பழகுகிறவள். எங்களுக்கும் எடை வேண்டும். ஆனால் அதன் இடம் சற்று மாறுபடும். நீச்சல்குளத்தில் நீருக்கடியில் கிடையாக நீந்தும்போது, காற்று நிறைந்த நெஞ்சு மேலே எழும்புவதால், கழுத்தில் எடை அணிவோம். அதை நான் சைக்கிள் டியூபில் செய்தேன். டியூபை 50 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மடித்துக் கட்டி, மறுமுனையில் புனல் வைத்து ஈய ரவையைச் சிறிது சிறிதாக ஊற்றி, கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி இடைவெளி இல்லாமல் இறக்கினேன். பிறகு அந்த முனையையும் கட்டி, மேலே இன்சுலேஷன் டேப்பை நெருக்கமாகச் சுற்றினேன். நிறுத்தபோது 1 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. இரண்டு முனைகளையும் இணைக்கும் இடத்தில், இழுத்தால் விட்டுவிடும் ஒட்டுப்பட்டை வைத்திருக்கிறேன். கழுத்தில் கிடக்கும் எடையை முடிச்சுப் போட்டுக் கட்டுவதை நினைத்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது.

இடுப்புப் பட்டையையும் லாரி டியூபில் வெட்டிக்கொண்டேன். நைலான் பட்டையை மேலே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், ஆழத்தில் வெட்சூட்டும் வயிறும் அமுங்கியதும் அது தளர்ந்து, தலைகீழாக இறங்கும் எங்களுக்கு அக்குள் வரை வழுக்கி வந்துவிடும். ரப்பர் பட்டை இழுபட்டபடியே இருப்பதால் உடம்பு சுருங்கச் சுருங்கத் தானும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் போட்டுவைத்தால் மட்டும் வெடிப்பு விட்டுவிடும். மாதம் ஒருமுறை இழுத்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

* * *

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். தம்பியும் தங்கையும் ஈயத்தை உருக்காமல் வேலையை முடித்ததே பெரிய நன்மை. நான் உருக்கினேன், அதனால் பட்டதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் வீச்சு வலைக்கு ஈயம் வார்ப்பது என் அப்பா காலத்திலிருந்தே நடப்பதுதான். அந்தப் பழக்கத்தில், வண்டிச் சக்கரங்களைச் சமன் செய்யப் பொருத்தும் பழைய ஈய எடைகளை வாங்கிவந்து, கொல்லையில் அடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் உருக்கி, செங்கல்லில் குடைந்த அச்சில் ஊற்றினேன். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வேலை எளிதாகத்தான் தோன்றும். முதல் நாள் மழை பெய்திருந்ததும், செங்கல் உள்ளுக்குள் ஈரத்தை வைத்திருந்ததும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது வார்ப்பில் ஒரு சத்தம். அச்சில் இருந்த ஈயம் முழுவதும் சிதறி எழுந்தது. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலாக விரிகிறது. உருகிய உலோகத்தின் அடியில் ஒரு சொட்டு அகப்பட்டாலே போதும். முன்கையில் நான்கு இடங்களில் தோலோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

காயம் ஆறிவிட்டது. அதைவிட என்னை உறுத்தியது, என் சிறிய பேரன் அதே கொல்லையில் மண் அளைந்து விளையாடுவதுதான். ஈயத் தூசும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றன. இரத்தத்தில் இந்த அளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. மேல் மண்ணை வழித்து எடுத்துவிட்டு அடுப்பையும் அகற்றிவிட்டேன். பேட்டரித் தகடுகளை உருக்குவோரும் உண்டு. அதில் அமிலமும் ஆன்டிமனி, ஆர்சனிக் போன்றவையும் இருப்பதால் நச்சு வாயு எழக்கூடும், அதைத் தொடவே வேண்டாம். ஈயச் சொம்பில் ரசமே வைக்கிறோமே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தச் சொம்பு வெள்ளீயம். நாம் இடுப்பில் கட்டுவது காரீயம். பெயர் ஒன்று போல இருந்தாலும் உலோகம் வேறு.

என் தாத்தா 1955 முதல் 1961 வரை இங்கே நடந்த முத்துக்குளிப்பில் கடலில் இறங்கியவர். அவருக்கு எடை என்பது கயிறு கட்டிய ஒரு கல். அதன் கண்ணியில் காலை வைத்து இறங்கி, அடி தட்டியதும் காலை எடுத்துவிடுவார். படகில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். கல்லோடு ஒருபோதும் தன்னைக் கட்டிக்கொண்டதில்லை என்று அவர் சொல்வார். தம்பி கொக்கியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

* * *

மீண்டும் நான், சிமெண்ட் கட்டி செய்தவன். ஐயா, உங்கள் கை முற்றிலும் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். வலைக்கடைக் குண்டுகளும் காரீயம்தான் என்பதால், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். பைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வாளிக்குள் மூடி வைத்திருக்கிறேன்.

போன வாரம் புதிய பைகளைக் கட்டிக்கொண்டு நீரில் மிதந்து சோதித்தேன். சிலிண்டரில் 50 பார் மட்டும் இருக்கும்போது, பிசிடியைக் காலி செய்து, இயல்பாக இழுத்த மூச்சை ஒரு கணம் பிடித்துக்கொண்டேன். நீர் மட்டம் சரியாகக் கண்ணளவில் வந்து நின்றது, மூச்சை விட்டதும் மெதுவாக அமிழ்ந்தேன். பிறகு ஆழம் குறைந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வலக்கையால் கொக்கியைத் திறந்து பட்டையை விடுவதைப் பத்து முறை செய்து பார்த்தேன். மூன்றாவது முறை பட்டை பிசிடியின் கீழ்ப் பட்டையில் சிக்கிக்கொண்டது. இப்போது எல்லாவற்றையும் அணிந்த பிறகே, கடைசியாக, மற்றப் பட்டைகளுக்கு மேலே வெயிட் பெல்ட்டைக் கட்டுகிறேன்.

அந்தச் சிமெண்ட் கட்டிகள் நான்கையும் படகு அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். நண்டு வலையின் இரண்டு முனைகளிலும் கட்டியிருக்கிறார்.