இடுப்புக் கத்தியில் ஓயாத துரு: உறையை எதில் செய்வது?

தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய், கயிறு அறுக்கச் சட்டைக்குள் இடுப்போடு வைத்திருக்கும் கத்தி துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறது. இடம் ஆனைமலை. லாரி ஸ்பிரிங் பட்டையில், என் கைக்கு அளவெடுத்துக் கொல்லர் அடித்துக் கொடுத்த மடங்காத கத்தி. அலகு 4 அங்குலம், வாகை மரப் பிடி, தோல் உறை.

ஆனிச் சாரலில் தொடங்கிய தொல்லை இது. உடம்போடு ஒட்டும் பக்கத்தில் மட்டும், கூர்முனை ஓரமாகக் கடுகளவு பழுப்புப் புள்ளிகள்; சுரண்டினால் அடியில் குழி. மறுபக்கம் பளபளவென்று இருக்கிறது. வியர்வையைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்றே நினைக்கிறேன்.

தேங்காய் எண்ணெய் பூசினேன், தேன்மெழுகு தேய்த்தேன். உறையை வெயிலில் காயவைத்ததில் தோல் விறைத்ததுதான் மிச்சம். துருப்பிடிக்காத எஃகுக்கு மாறச் சொல்கிறார்கள். இந்த அலகை விட மனமில்லை.

உடம்போடு ஒட்டி அணிந்தாலும் வியர்வை தேங்காத உறையை எதில் செய்வது?