பாய்லர் புகைக்குப் பசால்ட் தூள்: சிகாமட்டில் எடுபடுமா?

ஆலைக்காரன்:
ஜொகூர் சிகாமட் பக்கத்துல பசால்ட் பாறை, அதாவது எரிமலைக் குழம்பு இறுகின கரும்பாறை உண்டு. குவாரித் தூளைத் தண்ணியில கலக்கி, செம்பனை ஆலை பாய்லர் புகையை அதுக்குள்ள விட்டா கரியமில வாயு கல்லாகிடாதா? கரியமில வாயுவை நிலத்தடிப் பாறையில கல்லாக்குற ஐஸ்லாந்து கார்ப்ஃபிக்ஸ் திட்டத்துல, இறக்கின வாயுல 95 சதவீதம் ரெண்டே வருஷத்துல கல்லாச்சே.

கல்லுளி:
அங்க வாயுவைத் தண்ணியில அழுத்திக் கரைச்சு, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துப் பாறைக்குள்ள இறக்குனாங்க. டன் வாயுவுக்கு 25 டன் தண்ணி. திறந்த தொட்டியில அது நடக்காதுண்ணே. பசால்ட்டைவிட வேகமா வினைபடுற ஆலிவின்ங்கிற கனிமத்துக்கே ஆய்வகத்துல 185 டிகிரி, 150 மடங்கு காற்றழுத்தம் தேவைப்பட்டுச்சு. அப்பவும் தூள் மேல சிலிக்கா படலம் படிஞ்சு வேகத்தைக் குறைச்சிடும்.

ஆலைக்காரன்:
முழுசா வேணாம், பத்துல ஒரு பங்கு பிடிச்சாப் போதும்.

கல்லுளி:
சரி, கணக்குப் பாருங்க. மணிக்கு 45 டன் செம்பனைக் குலை அரைக்கிற ஆலையில, எண்ணெய் பிழிஞ்ச பிறகு மிஞ்சுற நார் மணிக்கு சுமார் 6 டன் பாய்லர்ல எரியும். டன் நாருக்கு ஏறக்குறைய ஒரு டன் வாயு. வாயுவைப் பிடிக்கிறது கல்லுல இருக்கிற கால்சியமும் மக்னீசியமும்தான்; 9 சதவீதம் கால்சியம் ஆக்சைடு, 8 சதவீதம் மக்னீசியம் ஆக்சைடு உள்ள கல் கடைசி துளி வரைக்கும் வினைபட்டாலும் டன்னுக்கு 160 கிலோதான் பிடிக்கும். பத்துல ஒரு பங்குக்கே மணிக்கு 4 டன் கல். 75 மைக்ரானுக்கு அரைக்க டன்னுக்கு 20 யூனிட் மின்சாரம்; அதை ஆலையோட நீராவி டர்பைனே தந்துடும். ஆனா வினை முடியக் காத்திருக்கிற சேறு ஒரே மாசத்துல ரெண்டாயிரம் டன்னுக்கு மேல சேரும். எந்தக் குளத்துல கொட்டுவீங்க? அதோட நாரோட கார்பன் மரம் காத்துல இருந்து எடுத்ததுதானே, எரிச்சா அதுதான் திரும்பப் போகுது!

மண்வெட்டி:
அப்ப தூளைத் தோட்டத்துல போடுங்க. மழையும் வேர் மூச்சுமே வேலையைச் செய்யும். வாயு பைகார்பனேட்டா ஓடையில இறங்குறதால அதே கல் ரெட்டிப்பா பிடிக்கும்.

கல்லுளி:
சபா மாநிலச் செம்பனைத் தோட்டத்துல ஹெக்டேருக்கு வருஷம் 50 டன் பசால்ட் தூள் போட்டுப் பார்த்தாங்க. ஓடைத் தண்ணியில, போட்ட பக்கத்துக்கும் போடாத பக்கத்துக்கும் தெளிவான வித்தியாசம் தெரியல.

மண்வெட்டி:
எங்க போடுறோம்ங்கிறது முக்கியம். மரத்தைச் சுத்தி உரம் போடுற வட்டத்துல அம்மோனியம் சல்ஃபேட் உரம் விழுந்து மண் புளிச்சிருக்கும். புளிப்பைக் காட்டுற பி.எச். அளவு 5-க்குக் கீழ இருந்தா உரத்து அமிலமே கல்லைத் தின்னுடும், வாயு சேராது. வெட்டின மட்டையை அடுக்கி வைக்கிற வரிசையில போடுங்க. தூள் காய்ஞ்சிருக்கணும், ஈரமானா உரம் தூவுற வண்டி வாயிலேயே கட்டி தட்டிடும். காய்ஞ்ச தூளுக்கு முகக்கவசம் கட்டாயம்.

ஆலைக்காரன்:
பேராக் கருங்கல் (கிரானைட்) தூள் மலிவாச்சே, அது ஆகாதா?

மண்வெட்டி:
வேணாம். அதுல குவார்ட்ஸும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும்தான் அதிகம், கால்சியம் கொஞ்சம். அதை ஏத்திட்டு வர்ற லோரியோட டீசல் வாயுவைக்கூட ஈடுகட்டுமாங்கிறது சந்தேகம்தான்.