வீடு திருத்தும்போது சேரும் இடிபாடுகளை எங்கே ஒப்படைப்பது?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். பழைய வீட்டின் சமையலறையையும் குளியலறையையும் இடித்துத் திருத்துவதால், உடைந்த செங்கல், டைல், சீமெந்துக் கட்டிகளோடு கழற்றிய அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடுகளும் கதவு நிலைகளும் முற்றத்தில் குவிந்துள்ளன. மேசன் பாஸ் தமக்குத் தெரிந்த லொறிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு அள்ளிச் செல்வார் என்கிறார். எங்கே கொட்டுவார் என்று கேட்டால் சிரிக்கிறார். நாமே குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வழியுண்டா?

கொலன்னாவைக்காரன்:
குப்பைமேடு என்று நீங்கள் நினைப்பது மீதொட்டமுல்லையை என்றால், அது 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளிலேயே சரிந்து, அருகிலிருந்த வீடுகளைப் புதைத்து, முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் அங்கே குப்பை கொட்டப்படுவதில்லை. 2021 இல் இயங்கத் தொடங்கிய கெரவலப்பிட்டிய மின்னிலையத்தில் கொழும்பின் குப்பை எரிக்கப்படுகிறது. கல்லும் சீமெந்தும் எரியாதவை ஆகையால், அவற்றை வீட்டுக் குப்பைப் பையில் சிறிது சிறிதாக மறைத்துப் போடுவது (பலர் செய்வதுதான்) யாருக்கும் உதவாது. உங்கள் பகுதிக்குரிய மாநகர சபை அலுவலகத்தில், கட்டட இடிபாடுகளைக் கட்டணத்துக்கு அகற்றுவதைப் பற்றி முதலில் விசாரியுங்கள்.

அந்த லொறியைப் பற்றியும் சொல்லவேண்டும். இடம் சொல்லாத லொறி பெரும்பாலும் சதுப்பு நிலத்திலோ கால்வாய்க் கரையிலோதான் கொட்டும். மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் தாழ்நிலங்கள் இப்படி நிரம்ப நிரம்ப, தண்ணீர் வீடுகளுக்குள் வருகிறது. 2016 மே வெள்ளத்தில் எங்கள் பகுதி பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே கொட்டும் இடத்தையும், அந்த நிலத்தின் உரிமையாளருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தளமேற்பார்வையாளர்:
மேலே சொன்னது சரி. ஆனால் அள்ளுவதற்கு முன் பிரித்துவிட்டால் அகற்றவேண்டிய அளவே குறையும். முழுச் செங்கற்களையும் கதவு நிலைகளையும் பழைய சாமான் வாங்குவோர் எடுத்துக்கொள்வர். இரும்புக்கு எப்போதும் விலையுண்டு. மண், பொலித்தீன் கலவாத கொங்கிரீட் துண்டுகளைத் தரைக்கு அடியில் நிரப்பலாம். உங்கள் வீட்டிலேயே தரை உயர்த்தும் வேலை இருந்தால் லொறியே தேவைப்படாது.

அஸ்பெஸ்டஸ் மட்டும் வேறு கதை. தகட்டை உடைத்தால் நுரையீரலைக் கெடுக்கும் நுண்ணிழைகள் காற்றில் பரவும். நனைத்து, முழுத் தகடாகவே இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றித் தனியே வையுங்கள்; இடிபாடுகளோடு கலக்கவேண்டாம். சுத்தியலால் நொறுக்கி ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
மிக்க நன்றி. தகடுகள் சில ஏற்கெனவே வெடித்துள்ளன. அவற்றையும் இதேபோல் சுற்றலாமா?

தளமேற்பார்வையாளர்:
ஆம். முகக்கவசம் அணிந்து, நன்றாக நனைத்த பின்னர் இரட்டைப் பொலித்தீனில் சுற்றி ஒட்டுங்கள். விழுந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல், ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பொதியில் போடுங்கள்.