பையனுக்குப் பல் வலி, தூங்க மாட்டேங்கிறான். கேஎல்ல (கோலாலம்பூர்ல) எங்கே போறது?

நெல்லைக்காரி: அக்கா, அண்ணன்மாரே, கேஎல் வந்து 5 மாசம் ஆச்சு. பையனுக்கு மூணு நாளா பல் வலி, இப்போ மணி 11, அழுதுக்கிட்டே கிடக்கான். ஊர்ல ஒரு வேளைதான் தேய்ப்பான், ஒண்ணும் ஆகல. இங்க ரெண்டு வேளை தேய்ச்சும் கடைவாயில கறுப்பா குழி. தண்ணி ஒத்துக்கலையா? பேஸ்ட் மாத்தணுமா?

ப்ரிக்ஃபீல்ட்ஸ் பழசு: பேஸ்ட்டை விடும்மா. நான் 2009ல வந்தப்ப ஒரே ரூம்ல ஆறு பேரு. பல் வலின்னு ஒரு கிளினிக் போனேன், சம்பளத்துல கால்வாசி போச்சு. அன்னையிலேர்ந்து நல்லெண்ணெய்க் கொப்பளிப்புதான். பல்லு கல்லு மாதிரி இருக்கு.

செந்தூல் சித்தி: போன மாசம் ரெண்டு பல்லைப் பிடுங்கிட்டு வந்தீங்களே அண்ணே, அது எந்தக் கல்லு? எண்ணெய் கொப்பளிச்சா வாய்க்குச் சுகம்தான், விழுந்த குழி அடையாது லா.

காஜாங் கண்ணன்: கிராம்புத் தைலத்தைப் பஞ்சுல தொட்டு வைங்க. அஞ்சு நிமிஷத்துல வலி போயிடும்.

செந்தூல் சித்தி: சின்னப் பிள்ளைக்கு வேணாம். என் மகளுக்கு வச்சு ஈறு வெந்து போச்சு.

ப்ரிக்ஃபீல்ட்ஸ் பழசு: ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

காஜாங் கண்ணன்: காண்டோ அடுக்குமாடியில, பதினெட்டாவது மாடியில ஆலங்குச்சிக்கு எங்க போறது? வீட்டுக்கு ரெண்டு மாச டெபாசிட் கட்டினதுலயே நாக்கு தள்ளிப் போச்சு. கம்பெனி இன்சூரன்ஸ்ல பல்லுக்குன்னு ஒரு காசு கிடையாது. பல்லு உடம்புல சேர்த்தி இல்ல போல.

கெப்போங் அக்கா: புலம்பினது போதும். பல் கிளினிக்ல 11 வருஷமா நிக்கிறேன். தங்கச்சி, பையனுக்கு என்ன வயசு? காய்ச்சல், கன்னத்துல வீக்கம் இருக்கா? ராத்திரி என்ன குடிக்கிறான்?

நெல்லைக்காரி: 5 வயசுக்கா. காய்ச்சல், வீக்கம் இல்ல. அவங்கப்பா வர மணி 9 ஆகும், வரும்போது மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில சிராப் பண்டோங் ஈகாட் தெப்பி வாங்கிட்டு வருவார், அதான் ரோஸ் சிரப் கலந்த இனிப்புப் பால், பையில கட்டி ஸ்ட்ரா போட்டுத் தருவாங்க. பையன் அதை டிவி முன்னாடி ஒரு மணி நேரம் உறிஞ்சுவான், அப்படியே தூங்கிடுவான். ஏசியில வாயைத் திறந்துக்கிட்டு குறட்டை வேற. குடிக்கிற தண்ணிக்கு ஆர்ஓ ஃபில்டர்.

கெப்போங் அக்கா: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி! அஞ்சு மாசத்துல குழி அவ்வளவு பெரிசாகாது. ஊர்லயே ஆரம்பிச்சிருக்கும், இங்க வேகம் பிடிச்சிருக்கு.

எவ்வளவு சீனிங்கிறதை விட எத்தனை தடவைங்கிறதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் வாய்க் கிருமி சீனியை அமிலமாக்கும். அமிலம் ஏறி பிஎச் அளவு 5.5க்குக் கீழே போனா எனாமல், அதான் பல்லோட மேல் ஓடு, கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேணும். ஸ்ட்ராவை வாயிலேயே வச்சிருந்தா அது எப்போ சரிக்கட்டும்? தூக்கத்துல எச்சில் குறைஞ்சிடும், வாயும் திறந்திருந்தா சுத்தமா காய்ஞ்சிடும். குறட்டையை டாக்டர்கிட்ட சொல்லு, மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்திருக்கலாம்.

தண்ணி மேல பழி போடாதே. இங்க குழாய்த் தண்ணியில பல்லைக் காக்கிற ஃபுளோரைடு போடுறாங்க, 1972லேர்ந்து அது தேசியத் திட்டம். உன் ஆர்ஓதான் அதை வடிகட்டுது. பேஸ்ட்ல 1000 பிபிஎம் ஃபுளோரைடாவது இருக்கணும், பட்டாணி அளவு போதும். நீயே தேய்ச்சு விடு. துப்பச் சொல்லு, கொப்பளிக்க வேணாம். அப்புறம் தண்ணி மட்டும்தான். இனிப்பு கேட்டா சாப்பாட்டோட குடுத்து முடிச்சிடு.

இப்போ பாராசிட்டமால் சிரப், எடைக்கு ஏத்த அளவு. ஆஸ்பிரின் கூடவே கூடாது. கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ விடியக் காத்திருக்காதே, எமர்ஜென்சிக்குக் காடியை (காரை) எடு. பால் பல்தானே, விழுந்திடும்னு விட்டுடாதே, கடைவாய்ப் பால் பல் 10, 12 வயசு வரைக்கும் வேணும். அரசு பல் கிளினிக்ல மலாய்ல 'கிளினிக் பெர்கிகியான்'னு (பல் கிளினிக்) போர்டு இருக்கும். வெளிநாட்டுக்காரங்களுக்குக் கட்டணம் தனி, பாஸ்போர்ட்டை எடுத்துக்கோ, உட்காரும் முன்னாடி ரேட் கேளு. மலாயா பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவுலயும் வெளி ஆட்களைப் பார்க்கிறாங்க.

நெல்லைக்காரி: நன்றிக்கா. சிரப் குடுத்தேன், கண்ணசந்துட்டான். காலையில கிளம்புறோம். இனி வாங்கினா பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் டீதான்னு அவங்கப்பாகிட்ட சொல்லியாச்சு. மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கார்.

ப்ரிக்ஃபீல்ட்ஸ் பழசு: தே ஓ கோசோங்கா? நான் 2009ல வந்தப்ப...