38 வயசு, சூக்கேடு ஒண்ணும் இல்ல: ‘ஃபுல் பாடி செக்கப்’ எடுக்கணுமா?

மார்த்தாண்டம்38:
எனக்கு 38, வீட்டுக்காரிக்கு 35. ரெண்டு பேருக்கும் இதுவரை எந்த நோயும் இல்ல. அப்பாவுக்கு சுகர் உண்டு. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற லேப் ஒண்ணு 80 டெஸ்ட் பேக்கேஜ் சொல்லுது: தைராய்டு, வைட்டமின், ‘கேன்சர் மார்க்கர்’ (புற்றுநோய் அடையாளம் தேடுற ரத்த டெஸ்ட்) எல்லாம் சேர்த்து. வருஷா வருஷம் இது வேணுமா? இன்னொண்ணு, நான் ரப்பர் பால் வெட்டுக்கு விடியக்காலம் 4 மணிக்குப் போவேன். அப்போ ‘வெறும் வயிறு’ எப்படிக் கணக்கு?

ஓ.பி. டாக்டர்:
பேக்கேஜ் வேண்டாம் தம்பி. ஆனா செக்கப்பே வேண்டாம்னு அர்த்தம் இல்ல.

நோய் இல்லாதவங்களுக்கு மொத்தமா செய்யிற பொதுப் பரிசோதனை ஆயுளைக் கூட்டுதான்னு, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பார்த்திருக்கு. 2019-ல் வந்த புதுப்பிப்பில் 15 ஆய்வுகள், ரெண்டரை லட்சம் பேர். மொத்த மரணத்திலும் புற்றுநோய் மரணத்திலும் குறைவே இல்ல. இதயநோய் மரணத்திலும் அப்படித்தான். இதை வச்சு ‘பிரஷர் பார்க்கிறதே வீண்’னு சிலர் வாதம் பண்றாங்க, அது தப்பு. அந்த ஆய்வுகளில் பரிசோதனைக்கு அழைக்கப்படாதவங்களும் வழக்கம்போல தங்க டாக்டரைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. டாக்டர் பக்கமே போகாதவனுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

80 டெஸ்ட்ல சிக்கல் எங்கேன்னா, ‘நார்மல்’ அளவு என்பது ஆரோக்கியமானவங்கள்ல 95 சதவீதம் பேர் அடங்குற வரம்பு. மீதி 5 சதவீதம் பேர் நல்லா இருந்தும் வெளியே நிப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, ஒண்ணாவது சிவப்பு எழுத்துல வர வாய்ப்பு 64 சதவீதம். 80 எடுத்தா கேக்கவே வேண்டாம். அப்புறம் ஸ்கேன், மறுபடி ரத்தம், தூக்கமில்லாத ராத்திரி.

கேன்சர் மார்க்கரை இதுக்குன்னு எடுக்கவே எடுக்காதீங்க. சி.ஈ.ஏ.-ங்கிற மார்க்கர் புகைபிடிக்கிறவங்களுக்குச் சும்மாவே கூடும். சி.ஏ.125-ங்கிற மார்க்கர் மாதவிடாய் நேரத்துல கூடும். ரெண்டுமே ஏற்கெனவே நோய் உள்ளவங்களைப் பின்தொடரப் பயன்படுறவை. தைராய்டுக்குக் கழுத்து ஸ்கேனும் செக்கப்புக்குன்னு வேண்டாம். தென்கொரியாவில் செக்கப்போட அதைச் சேர்த்தாங்க. 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு 15 மடங்கு ஆச்சு, சாவு எண்ணிக்கை மட்டும் குறையல. சுரப்பியை எடுத்தவங்க ஆயுசுக்கும் மாத்திரை.

உங்களுக்கு என்ன வேணும்? வருஷம் ஒரு தடவை பிரஷர், இடுப்புச் சுற்றளவு (ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80-க்குள்ள), அப்பாவுக்கு சுகர் இருக்கிறதால வெறும் வயிற்று சர்க்கரை. கொழுப்பு ஒரு தடவை பாருங்க, நல்லா இருந்தா 4-5 வருஷம் கழிச்சுப் போதும். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்குற வைரஸ்) டெஸ்ட் ஆயுசுல ஒரு தடவை. வெத்தில பாக்கு, புகையிலை உண்டுன்னா வாயை உள்ள திறந்து காட்டணும். வீட்டம்மாவுக்கு கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும். இதுல பாதியை பேக்கேஜ்ல தேடினாலும் கிடைக்காது. அதெல்லாம் ரத்தத்துல தெரியாது, கண்ணால பார்க்கணும்.

சாம்பிள்ராக்:
லேப் வேலை செய்யிறவன். டாக்டர் சொன்ன சர்க்கரை டெஸ்டையே பிழையா எடுக்க முடியும், அதனால இது.

வெறும் வயிறுன்னா 8 மணி நேரம் பச்சைத் தண்ணி மட்டும். சீனி போடாத கட்டஞ்சாயாவும் (பால் சேர்க்காத டீ) கூடாது. ராத்திரி 9-க்கு சாப்பிட்டா காலை 5-க்கு மேல எப்போ வேணும்னாலும் கொடுக்கலாம். ஆனா பால் வெட்டி முடிச்ச கையோட வந்து கொடுக்காதீங்க. கடும் உடலுழைப்புக்குப் பிறகு எஸ்.ஜி.ஓ.டி. (கல்லீரல் டெஸ்ட்), கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) ஏறிக் காட்டும். வெட்டு இல்லாத நாள் எடுங்க. முந்தின ராத்திரி மதுவோ விருந்தோ இருந்தா டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்புல ஒரு வகை) தப்பா வரும். அது 400-ஐத் தாண்டினா கணக்குப் போட்டு எழுதுற எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) செல்லாது.

வீட்டுக்கு வந்து எடுக்கிறவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. சர்க்கரைக்கு சாம்பல் மூடி டியூப் உண்டா? லேபுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? சாதா டியூப்ல ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்னும். பத்து வீடு சுத்தி 3 மணி நேரம் கழிச்சுப் போனா 130 இருந்தது 108-னு வரும். ‘சுகர் இல்ல’ன்னு சந்தோஷமா இருப்பீங்க. சாம்பல் மூடியில இருக்கிற ஃபுளோரைடும் முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் முழுசா தடுக்காது, இருந்தாலும் பரவாயில்ல.

தக்கலை சிஸ்டர்:
பிரஷரைப் பத்தி நான் சொல்றேன். பாதிப் பேருக்கு நாற்காலியில உக்காந்த உடனே பட்டை சுத்திடறாங்க. 5 நிமிஷம் சும்மா இருக்கணும். முதுகு சாய்ஞ்சு, பாதம் தரையில பதிஞ்சு, கால் மேல கால் போடாம. கை நெஞ்சு மட்டத்துல மேஜை மேல. பேசக்கூடாது. அரை மணி நேரம் முன்னாடி வரை காபியும் பீடியும் வேண்டாம், மூத்திரம் முட்டவும் கூடாது. பட்டைக்குள்ள இருக்கிற பை கைச் சுற்றளவுல 80 சதவீதம் சுத்தி வரணும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டா இல்லாத பிரஷர் வரும். ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை எடுத்து சராசரி பாருங்க. ஆஸ்பத்திரியில 140/90, வீட்டுல 135/85, இதுவும் இதுக்கு மேலயும் வந்தாதான் கூடுதல். ஒரு நாள் கூடுதலா வந்ததை வச்சு மாத்திரை தொடங்க வேண்டாம், வேறொரு நாளும் பார்க்கணும்.

30 வயசு தாண்டின எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷர், சுகர், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். கர்ப்பப்பை வாய்க்கு வி.ஐ.ஏ.: நேர்த்த அசெட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிஷம் விட்டுப் பார்ப்பாங்க, மாறுபட்ட இடம் வெள்ளையாகும். மாதவிடாய் நாள்ல போகாதீங்க. நல்லா இருந்தா 5 வருஷத்துக்கு ஒரு தடவை. பெண்கள் கூச்சப்பட்டு விடுறது இதைத்தான், பேக்கேஜ் எல்லாத்தையும் விட உபயோகமும் இதுதான்.

மார்த்தாண்டம்38:
நன்றி. சுகர் 100-க்கு மேல வந்தா என்ன செய்ய? மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் (எச்.பி.ஏ.1சி) மட்டும் எடுத்தா போதாதா, வெறும் வயிறு தேவையில்லையே?

ஓ.பி. டாக்டர்:
100 முதல் 125 வரை முன்நிலை. நடை, எடை, மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சோறும் அளவா. வருஷம் ஒரு தடவை மறுபடி பாருங்க. 126-ம் அதுக்கு மேலயும்னா, தொந்தரவு இல்லாதவங்களுக்கு இன்னொரு நாள் எடுத்து உறுதி செய்யணும். சராசரி டெஸ்ட்ல 6.5-ம் அதுக்கு மேலயும் சுகர், 5.7 முதல் 6.4 வரை முன்நிலை. ஆனா இரும்புச்சத்துக் குறைவு இருந்தா அது பொய்யாக் கூடும், அதனால வீட்டம்மாவுக்கு ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்க.

சாம்பிள்ராக்:
பில்லை வாங்கி வைங்க. வருமான வரியில பழைய வரிமுறையில இருந்தா தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிக்கலாம், ரொக்கமாக் கட்டினாலும் செல்லும். ரிப்போர்ட்டையும் கிழிச்சுப் போடாதீங்க. ஒரு தடவை எடுத்த 104-ஐ விட, மூணு வருஷத்துல 92, 98, 104-னு ஏறினதுதான் டாக்டருக்குப் பெரிய தகவல்.