அமர்வுக் குறிப்புகளை எந்த வடிவத்தில் எழுதுகிறீர்கள்?

புதிய ஆலோசகர், அண்ணா நகர், மதுரை:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை உளவியல் முடித்து ஓர் ஆலோசனை மையத்தில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன; வியாழக்கிழமைதோறும் உசிலம்பட்டிக் கிளைக்கும் சென்று வருகிறேன். எதுவும் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக, வந்தவர் சொன்னதையெல்லாம் சொன்ன வரிசையிலேயே மூன்று நான்கு பக்கங்கள் எழுதி வைப்பது என் வழக்கம். சென்ற மாதம் நான் விடுப்பில் இருந்தபோது, என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவரை எங்கள் மூத்த ஆலோசகர் பார்க்க நேர்ந்தது. "இருந்து என்ன பிரயோசனம், போய்ச் சேந்தா தேவல" என்று வந்தவர் முந்தைய அமர்வில் சொன்னது, என் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில், தங்கையின் கல்யாணச் செலவைப் பற்றிய பேச்சுக்கு நடுவே கிடந்தது. மூத்த ஆலோசகரான அக்கா அதைப் பார்க்காமலேயே அமர்வைத் தொடங்கிவிட்டார். நல்லவேளையாக, வந்தவரே அந்தப் பேச்சை மறுபடி எடுத்தார். எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. சோப் (SOAP), டாப் (DAP), பிர்ப் (BIRP) என்று பயிற்சியில் கேட்ட குறிப்பு வடிவங்களில் எது நம் வேலைக்கு ஒத்துவரும்? தமிழில் எழுதலாமா?

மருத்துவ உளவியலாளர், கே.கே. நகர்:

தங்கை, சோப்பிலிருந்தே தொடங்குங்கள். லாரன்ஸ் வீட் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்து, 1968-இல் மருத்துவ இதழ் வழியாகப் பரவலாக அறியச் செய்த பதிவுமுறையிலிருந்து வந்தது அது. வந்தவர் சொன்னது, நாம் கண்டது, நாம் கணித்தது, இனிச் செய்வது என்று நான்கு பகுதிகள். உடல்நோய்க்கான மருத்துவத்தை மனத்தில் வைத்து உருவானதால், இரண்டாம் பகுதியில் என்ன எழுதுவதென்று ஆலோசகர்கள் தடுமாறுவார்கள்; முதலிரண்டையும் ஒன்றாக்கித் 'தரவு' என்று மூன்றே பகுதிகளில் எழுதுவதுதான் டாப்.

ஆனாலும், கற்கும் காலத்தில் அந்தப் பிரிவினை நமக்கு வேண்டும் என்பேன். "பதற்றமாக இருந்தார்" என்று எழுதினால் அது கண்டது அன்று, கணித்தது. "கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார், அப்பாவைப் பற்றிக் கேட்டதும் குரல் தாழ்ந்து, பதில் சொல்ல நெடுநேரம் பிடித்தது" என்பதே கண்டது. இதை எழுதிப் பழகினால், அடுத்த அமர்வில் நம் கண்ணும் கூர்மையாகும்.

தமிழில் தாராளமாக எழுதலாம். முதல் பகுதியையாவது தமிழில்தான் எழுத வேண்டும். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு, சோறு இறங்க மாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னதை 'மனச்சோர்வு' என்று சுருக்கிவிட்டால், மூன்று மாதம் கழித்துச் சோறு இறங்குகிறதா என்று கேட்க எவருக்கும் தோன்றாது.

போதை மீட்பு மைய ஆலோசகர், திருமங்கலம்:

எங்கள் மையத்தில் பிர்ப் முறையில் எழுதுகிறோம்: நடத்தை, நாம் செய்த தலையீடு, அதற்கு அவர் காட்டிய எதிர்வினை, அடுத்த திட்டம். குடியை விட முயலும் ஒருவரைப் பல மாதங்கள் பலர் பார்க்கும் இடத்தில், யார் எதைச் செய்தார்கள், அது பலித்ததா என்பது தெரிந்தாக வேண்டும். "ஆதரவாகப் பேசினேன்" என்று எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. "சம்பள நாளன்று கடைப்பக்கம் போகாமல் வீடு சேர வேறு வழி எது என்று இருவரும் வரைந்து பார்த்தோம், தம்பியை உடன் அழைத்து வருவதாக அவரே சொன்னார்" என்றால், அடுத்து உட்காருபவருக்குப் பிடி கிடைக்கும்.

மனநலச் சமூகப் பணியாளர், மேலூர்:

எந்த வடிவமானாலும், உயிராபத்து பற்றிய வரி தாளின் தலையில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எண்ணம் உண்டா, திட்டம் உண்டா, வழிவகை கைக்கு எட்டுமா, யாரிடம் சொல்லப்பட்டது என்ற நான்குக்கும் விடை அங்கேயே இருக்கட்டும். இல்லை என்றாலும் 'கேட்டேன், இல்லை என்றார்' என்று எழுதுங்கள். வெற்றிடத்தைப் பார்ப்பவருக்கு, நீங்கள் கேட்டீர்களா என்பதே தெரியாது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். அதன் 23-ஆவது பிரிவு இரகசியம் காக்கப்படும் உரிமையையும், 25-ஆவது பிரிவு தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையையும் மனநோய் உள்ளவருக்குத் தருகின்றன. அவருக்குக் கடுமையான மனத்தீங்கோ பிறருக்குத் தீங்கோ நேரும் என்றால் மட்டுமே குறிப்பிட்ட தகவலை மறுக்கலாம். ஆகவே அவர் ஒருநாள் வாசிப்பார் என்று எண்ணியே எழுதுங்கள். 'ஒத்துழைக்க மறுத்தார்' என்பதைக் காட்டிலும் 'வீட்டுப் பயிற்சியைச் செய்யவில்லை. இரவு ஷிப்ட் என்றார்' என்பது உண்மையாகவும் இருக்கிறது, அவரைக் குறைத்தும் பேசவில்லை. தங்கையின் கல்யாணச் செலவில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்ற விவரம் சிகிச்சைக்கு வேண்டாததானால், அது தாளில் ஏறவே வேண்டாம்.

புதிய ஆலோசகர், அண்ணா நகர்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அதே அமர்வைச் சோப் முறையில் திருப்பி எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அடங்கியது. முதல் வரி இது: "சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டு, திட்டம் இல்லை என்கிறார், வீட்டிலிருந்த பூச்சிமருந்தை, அவர் சம்மதத்தோடு பேசியபின் அண்ணன் அப்புறப்படுத்திவிட்டார்." அண்ணனிடம் பேசியதை முன்பு எழுதிய நான்கு பக்கங்களில் எங்குமே நான் குறித்திருக்கவில்லை. இன்று காலை அக்காவிடம் இதைக் காட்டிவிட்டுக் கோப்பில் தேதியிட்டுச் சேர்த்திருக்கிறேன். பழைய பக்கங்களையும் அப்படியே அதன் பின்னால் வைத்திருக்கிறேன்.